பனிக்கால லாயமும் நம் பொறுப்பும்

பனி மூடிய வெளியில் ஒரு குதிரை நிற்கும் படத்தைப் பார்க்கும்போது நம்மில் சிலர் அதன் அழகை வியக்கிறோம். சிலர், ஐயோ பாவம், இந்தக் குளிரில் வெளியே நிறுத்திவிட்டார்களே என்று இரங்குகிறோம். அந்தக் குதிரை இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தது, அதன் வயிற்றில் தீவனம் இருக்கிறதா, அதன் முதுகு உலர்ந்திருக்கிறதா என்று கேட்பவர் மிகச் சிலரே. வியப்பும் இரக்கமும் நல்லவைதாம். ஆயினும், நம் பொறுப்பில் விடப்பட்ட ஓர் உயிரைப் பற்றி நாளை மறுமையில் விசாரிக்கப்படும்போது, அந்த மூன்றாம் வகைக் கேள்விகளுக்கே நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. நாம் கற்பிக்கும் வார இறுதி மத்ரஸா கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. இங்கு வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் சில, நகருக்கு வெளியே சில ஏக்கர் நிலத்துடன் பழைய பண்ணை வீடு வாங்கும் நிலைக்கு வந்திருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். வீட்டோடு ஒரு மரக் கொட்டகையும் சேர்ந்து வருகிறது. கொட்டகையைக் கண்டதும் பிள்ளைகள் குதிரை கேட்கிறார்கள். “ஹஜ்ரத், குதிரையேற்றம் நம் மார்க்கத்தில் ஆர்வமூட்டப்பட்ட கலையாயிற்றே, வாங்கித் தரலாம்தானே?” என்று பெற்றோர் நம்மிடம் வருகிறார்கள். இந்தக் கேள்வி பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் வருகிறது. புல் பச்சையாகவும் மாலை நீண்டும் இருக்கும் காலம் அது.

நம் பதில் எப்போதும் ஒன்றே. ஜனவரியில் அதை வைத்துக் காக்க உங்களால் முடியுமானால் வாங்குங்கள். முடியாதெனில் ஜூனிலும் வாங்காதீர்கள். இது கடுமையான பதிலாகச் சிலருக்குத் தோன்றியிருக்கிறது. ஏன் இவ்வாறு சொல்கிறோம் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

குதிரைக்கு அருளப்பட்ட போர்வை

கோடையின் உச்சம் கழிந்து பகல் குறையத் தொடங்கியதுமே குதிரையின் உடல் குளிர்காலத்திற்கு ஆயத்தமாகிறது. வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டிருக்கும் நாட்களில், பகல் வெளிச்சம் குறைவதைக் கண் வழியே அறிந்து, குளிர்கால ரோமம் வளர்வதற்கான ஏற்பாடு உள்ளே தொடங்கிவிடுகிறது. டிசம்பர் 21-ஐ ஒட்டிப் பகல் மீண்டும் நீளத் தொடங்கும்போது, கடும்பனி இன்னும் வர இருக்கும் நிலையிலேயே, அந்த ரோமத்தை உதிர்ப்பதற்கான ஏற்பாடும் தொடங்குகிறது. சூரியனையும் சந்திரனையும் கணக்கின்படி இயக்குபவன், அந்தக் கணக்கை ஒரு விலங்கின் தோலிலும் எழுதி வைத்திருக்கிறான். சுப்ஹானல்லாஹ்!

முழு ரோமம் வளர்ந்த, நன்கு உண்ட, உடல்நலமுள்ள குதிரை ஏறத்தாழ மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை, தன் உடல் வெப்பத்தைக் காக்கக் கூடுதல் ஆற்றல் செலவிடாமலே நிற்க வல்லது. ரோமங்கள் நிமிர்ந்து நின்று, இடையே காற்றைச் சிறைபிடித்து வைத்துக்கொள்கின்றன. குதிரையின் முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடப்பதைக் கண்டு நாம் பதறுகிறோம். உள்ளிருக்கும் வெப்பம் வெளியே கசியவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

குதிரையை வாட்டுவது ஈரமும் காற்றும் சேர்ந்த குளிர். மழையில் நனைந்த ரோமம் படிந்துவிடும், காற்றடுக்கு மறைந்துவிடும். எனவே மைனஸ் 10 டிகிரியில், காற்றில்லாத உலர்ந்த நாளில் நிம்மதியாக நிற்கும் அதே குதிரை, பூஜ்யத்திற்கு மேல் இரண்டு டிகிரியில் பெய்யும் நவம்பர் மழையில் நடுங்கக்கூடும். மூன்று பக்கம் சுவரும் மேலே கூரையும் உள்ள ஒரு சாதாரண ஒதுக்கிடம் இருந்தால் நலமுள்ள குதிரைக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

இரக்கப்பட்டு மெல்லிய போர்வையைக் கட்டிவிடுபவர், நிமிர்ந்து நின்ற ரோமத்தை அழுத்திப் படியவைத்து, இருந்த பாதுகாப்பையும் குறைத்துவிட நேரலாம். முதிய குதிரை, மெலிந்த குதிரை, ரோமம் வெட்டப்பட்ட குதிரை, ஒதுங்க இடமற்ற குதிரை ஆகியவற்றுக்குப் போர்வை தேவை. அதையும் கட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது. தினமும் அவிழ்த்து, ஈரம் இருக்கிறதா, தோல் உராய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடர்ந்த ரோமம் மெலிவை மறைத்துவிடும் என்பதால், விலா எலும்பைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து “கொழுகொழுவென்று இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போவது போதாது.

வயிற்றில் எரியும் அடுப்பு

குதிரைக்குக் கதகதப்புத் தருவது அதன் தீவனமே. இங்கு பசும்புல்லைப் பருவத்தில் அறுத்து, வெயிலில் காயவைத்து, கட்டுகளாகக் கட்டி வைக்கிறார்கள். நம் ஊர் நெல் வைக்கோலிலிருந்து இது வேறுபட்டது, சத்து மிகுந்தது. இந்த உலர்புல்லின் நார் குதிரையின் பெருங்குடலில் மெல்ல மெல்ல நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. குளிர் கடுமையாகும் இரவில் தானியத்தை அள்ளிக் கொட்டுவதைவிட உலர்புல்லைக் கூட்டிக் கொடுப்பதே பயன் தரும் என்று இதனால்தான் சொல்கிறார்கள்.

500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ உலர்புல் வேண்டும். ஒன்டாரியோவில் ஏறத்தாழ ஆறு மாதம் மேய்ச்சல் இல்லை. 180 நாளுக்கு நாள்தோறும் 10 கிலோ என்று கணக்கிட்டால் 1,800 கிலோ. குதிரை கூட்டமாக வாழும் இயல்புடையது. தனியே அடைத்தால் வாடும். ஆகவே இரண்டு குதிரைகள் என்று வைத்துக்கொண்டால் 3,600 கிலோ. இவ்வளவையும் கோடையிலேயே வாங்கி, நனையாமல், பூஞ்சணம் பிடிக்காமல் அடுக்கி வைத்திருக்க வேண்டும். பிப்ரவரியில் தீர்ந்துபோனால் அப்போது நல்ல புல் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை நம் கையில் இல்லை.

தண்ணீர் அதைவிட முக்கியம். ஒரு குதிரை நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். கோடையில் ஈரப் புல்லிலிருந்தே அதற்குப் பெருமளவு நீர் கிடைத்துவிடுகிறது. குளிர்காலத்தில் தின்பது காய்ந்த புல். முன்னால் இருப்பது உறையும் நீர். பற்களைக் கூசவைக்கும் நீரைக் குதிரை குறைவாகவே குடிக்கும். அவ்வாறு குறைந்தால் குடலில் தீவனம் இறுகி அடைத்துக்கொள்ளும். அந்த வயிற்றுவலியில் குதிரை மாண்டுபோவதும் உண்டு. பனியைத் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளும் என்று எண்ணி விட்டுவிடுவது தவறு. நீரைச் சற்று வெதுவெதுப்பாக்கிக் கொடுப்பது, தொட்டியில் படியும் பனிக்கட்டியைக் காலையும் மாலையும் உடைத்து அகற்றுவது, உப்புக்கட்டி வைப்பது ஆகியவையே அங்கு இரக்கத்தின் செயல்வடிவம்.

டிசம்பரில் இங்கு சூரியன் உதிக்க ஏறத்தாழ எட்டு மணியாகிறது. ஐந்து மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடுகிறது. பண்ணையின் காலைத் தீவனம் ஃபஜ்ருத் தொழுகையை அடுத்தும், மாலைத் தீவனம் மஃரிபை ஒட்டியும் அமைகின்றன. வேலைக்குப் போய் வருபவர் இரண்டையும் இருட்டிலேயே செய்ய வேண்டும். காய்ச்சல் வந்தாலும், வழியெல்லாம் வழுக்கினாலும், பெருநாளானாலும் செய்ய வேண்டும். ஸஹாபி தமீமுத்தாரீ (ரலி) அவர்கள் தம் குதிரைக்கான வாற்கோதுமையைத் தாமே சுத்தம் செய்துகொண்டிருந்ததையும், இதைச் செய்ய வீட்டில் வேறு ஆளில்லையா என்று வந்தவர் வியந்து கேட்டதையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அவர்களுக்கு ஆள் இல்லாமலில்லை. அந்த வேலையிலேயே நன்மை இருப்பதை அறிந்து செய்தார்கள்.

மூடிய கதவு

சென்ற குளிர்காலத்தில் மத்ரஸா மாணவர்களை அருகிலுள்ள ஒரு சிறு பண்ணைக்கு அழைத்துச் சென்றோம். எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி இரண்டு குதிரைகளையும் நான்கு பூனைகளையும் வைத்துப் பராமரித்து வருகிறார். லாயத்தின் மேற்பக்கச் சாளரங்கள் திறந்தே இருந்தன. பனிக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. மாணவர் ஒருவர் நம் காதருகே வந்து, “ஹஜ்ரத், இவர் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடிவிடலாமே? குதிரைகள் பாவம் இல்லையா?” என்று கேட்டார். அவரிடமே கேட்கச் சொன்னோம்.

மூதாட்டி விளக்கிச் சொல்லவில்லை. அந்த மாணவரை அழைத்து, ஒரு மூலையில் குனிந்து, தரையருகே மூச்சை இழுத்துப் பார்க்கச் சொன்னார். அங்கு அன்று காலை கூட்டி அள்ளாத ஈர வைக்கோல் கிடந்தது. மாணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா அது. எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டால் அந்த வாயுவும், புல்லின் தூசியும், மூச்சின் ஈரமும் உள்ளேயே தங்கி, குதிரையின் நுரையீரலைக் கெடுத்துவிடும். மேலே காற்று போக வேண்டும். குதிரை படுக்கும் உயரத்தில் காற்று அடிக்கக் கூடாது. கீழே படுக்கை உலர்ந்திருக்க வேண்டும். குதிரை நின்றபடியே உறங்கும் என்றாலும், ஆழ்ந்த உறக்கத்திற்குப் படுத்தே ஆக வேண்டும். ஈரத் தரையில் அது படுக்காது.

திரும்பும் வழியில் அந்த மாணவரின் கேள்வியைப் பாராட்டினோம். அவருடைய உள்ளத்தில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்துடன் இல்ம் சேர்ந்தபோது அது உண்மையிலேயே குதிரைக்குப் பயன்படும் இரக்கமாயிற்று. வணக்கங்களை எப்படிச் செய்வது என்று கற்றுக்கொண்டே செய்கிறோம். பராமரிப்பையும் கற்றுக்கொண்டே செய்ய வேண்டும். கால்நடை மருத்துவரிடமும், அனுபவமுள்ள அண்டை வீட்டாரிடமும், அவர் எம்மதத்தவராயினும், கேட்டறிவதில் குறைவு ஏதுமில்லை.

கொட்டகைப் பூனைகள்

தானியம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பூனைக்கு வேலை இருக்கும். பனிப்பிரதேசப் பண்ணைகளில் கொட்டகைப் பூனை வேலைக்காரன் போலவே கருதப்படுகிறது. “தீனி போட்டால் எலி பிடிக்காது” என்று சொல்லிப் பட்டினி போடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. இது பிழை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். வேட்டை அதன் இயல்பு. பட்டினி கிடக்கும் பூனை வேறிடம் தேடிப் போய்விடும், அல்லது குளிரில் மடிந்துவிடும். எலிகளும் குறைந்துபோகும் கடும்பனியில், அன்றாடத் தீனியும் உறையாத நீரும் அதற்குரிய உரிமை.

பூனையை அடைத்து வைத்து, உண்ணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் கொன்ற பெண்ணைப் பற்றிய நபிமொழியை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி அது. பனிக்காலத்தில் அந்த ஹதீஸின் பொருள் இன்னும் விரிகிறது என்பது நம் எண்ணம். நாம் கதவைப் பூட்டி அடைக்காவிட்டாலும், சுற்றிலும் முழங்கால் அளவு பனி அந்தப் பூனையை அடைத்து வைத்திருக்கிறது. எலி பிடிப்பதற்காக அதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தவர் நாமே. ஆகவே, “நான் கட்டிப் போடவில்லையே” என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது.

செய்ய வேண்டியவை எளியவை. குளிர் தாங்கும் ஒரு பெட்டி, ஒரு பூனை நுழையும் அளவே உள்ள வாயில், உள்ளே வைக்கோல். பழைய கம்பளித் துணியைப் போடுவது இரக்கமாகத் தோன்றும். ஆனால் துணி ஈரத்தை உறிஞ்சி உறைந்துவிடும். வைக்கோல் அவ்வாறு செய்வதில்லை. காலையில் வாகனத்தைக் கிளப்புமுன் எஞ்சின் மூடியை ஓங்கித் தட்ட வேண்டும். சூட்டைத் தேடி உள்ளே பூனை ஏறிப் படுத்திருக்கலாம். வாகனங்களில் ஊற்றும் உறைதடுப்புத் திரவத்தில் எத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தால், அதன் இனிப்புச் சுவை விலங்குகளை ஈர்க்கும். ஒரு தேக்கரண்டி அளவே ஒரு பூனையைக் கொன்றுவிடப் போதும். சிந்தியதை உடனே துடைப்பது அங்கு ஓர் உயிரைக் காப்பதாகும். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியும் போட வேண்டும். இனப்பெருக்கத்தைத் தடுக்கும் அறுவை சிகிச்சை பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யலாம். ஆனால் ஆண்டுதோறும் குட்டிகளைப் பெருகவிட்டு, அவை பனியில் மடிவதைப் பார்த்துக்கொண்டிருப்பதை எந்த ஆலிமும் சரி காணமாட்டார்.

அபூ கதாதா (ரலி) அவர்கள் தம் உளூவுக்கான நீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வாழும் உயிர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் எடுத்துரைத்தார்கள். தொழுகைக்காக வைத்த நீரிலேயே அதற்குப் பங்கு உண்டென்றால், நம் கொட்டகையில் ஒரு மூலைக்கு அதற்குப் பங்கு இல்லையா?

இலையுதிர்காலத்தில் விற்கப்படுபவை

நம் கவலையின் மையம் இதுதான். கோடையில் ஆசையுடன் வாங்கிய குதிரையை, செலவு மிகுந்த குளிர்காலம் வருமுன் கைகழுவிவிடும் வழக்கம் வட அமெரிக்காவில் உண்டு. முதிய குதிரையை வாங்க ஆளில்லை, ஏலத்திற்குப் போகிறது. அமெரிக்காவில் எஞ்சியிருந்த குதிரை இறைச்சிக் கூடங்கள் 2007-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அதன் பின் அங்கிருந்து குதிரைகள் நெடுந்தொலைவு வண்டிகளில் ஏற்றப்பட்டுக் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் அறுப்புக்காகக் கொண்டுசெல்லப்பட்டன. பிள்ளைகளைப் பல ஆண்டுகள் முதுகில் சுமந்த உயிரும் அந்த வண்டியில் இருந்திருக்கக்கூடும். குதிரை இறைச்சி பற்றிய மஸ்அலாவை இங்கு நாம் பேசவில்லை. உழைத்துக் கொடுத்த உயிருக்கு அதன் முதுமையில் நாம் என்ன செய்கிறோம் என்பதே நம் கேள்வி.

இதற்கு நம் முன்னோர் தெளிவாகவே விடை சொல்லியிருக்கிறார்கள். கால்நடைக்குத் தீவனம் அளிப்பது உரிமையாளர் மீது கடமை என்பது ஃபிக்ஹு நூல்களில் நஃபகா எனும் செலவுப் பொறுப்பு பற்றிய பாடத்திலேயே வருகிறது. மனைவி, மக்களின் செலவைப் பேசும் பாடம் அது. ஹிஜ்ரி 660-இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதர் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிடும்போது, முதுமையாலோ நோயாலோ பயன் தராத நிலைக்கு வந்துவிட்டாலும் அவற்றுக்குச் செலவு செய்ய வேண்டும் என்பதையும் சேர்க்கிறார்கள். திமிஷ்க் நகரில் முதுமையால் வேலைக்கு ஆகாத விலங்குகள் சாகும்வரை மேய்வதற்கென்றே ஒரு புல்வெளி வக்ஃபு செய்யப்பட்டிருந்ததாக, சிரியா நாட்டு அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸிபாஈ (ரஹ்) எழுதுகிறார்கள்.

குதிரை ஒருவருக்கு நற்கூலி, ஒருவருக்குப் பாதுகாப்பு, ஒருவருக்குப் பாவச்சுமை என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரியில் இருக்கிறது. இறைவழிக்காக வளர்ப்பவருக்கு அதன் லத்தியும் கூட நன்மையாக எழுதப்படுவதாகவும், பெருமைக்காக வளர்ப்பவருக்கு அதுவே சுமையாகிவிடுவதாகவும் அறிகிறோம். கோடையில் படமெடுத்துப் பிறருக்குக் காட்டிவிட்டு, குளிர்காலத்தில் ஏலத்திற்கு அனுப்புபவர் இந்த மூவரில் யாருக்கு அருகில் நிற்கிறார் என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

ஓர் எதிர்வாதம்

“உலகில் மனிதரே பசியால் வாடும்போது, குதிரைக்கும் பூனைக்கும் இவ்வளவு செலவும் பேச்சும் தேவையா?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த எண்ணம் உள்ளவர் குதிரை வாங்காமலிருப்பதே சிறந்தது. அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கட்டும். அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. ஆனால் வாங்கிவிட்ட பின் இந்த வாதம் செல்லாது. பொறுப்பில் ஏற்ற உயிரைப் பட்டினி போட்டுவிட்டு, அந்த மிச்சத்தில் சதகா செய்கிறேன் என்பது, கடனைத் திருப்பிக் கொடுக்காமல் தானம் செய்வதைப் போன்றது.

குதிரை வளர்ப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, உறைந்த வாளியை உடைத்து, லத்தியை அள்ளி, பிறகு பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை, நாம் வகுப்பில் பல மாதங்கள் பேசியும் கற்பிக்க முடியாத அமானிதம் என்ற சொல்லின் பொருளைக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் ஆசைப்படும் குடும்பங்களுக்கு நாம் ஒரு யோசனை சொல்கிறோம். வாங்குவதற்கு முன் ஒரு குளிர்காலம் முழுவதும் அருகிலுள்ள பண்ணையில் வாரம் இருமுறையாவது போய் வேலை செய்யுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மார்ச் மாதத்திலும் பிள்ளைகள் குதிரை கேட்டால், அப்போது விலை பேசுங்கள். முதிய குதிரை ஒன்றுக்குக் கடைசிக் காலத்தில் இடம் கொடுக்க முடிந்தால், அது இன்னும் மேலானது.

வாயில்லா உயிர்களின் உரிமையை அறிந்து, அறிந்தபடி நிறைவேற்றும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.